பன்னிரண்டு கிலோமீட்டர், மெட்ராஸ் வழியாக

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற சாமிக்கு நீர்காத்த அய்யனார் என்று பெயர். ஊர்க்காரர்கள் சுருக்கமாக அய்யனார் கோவில் என்பார்கள். மலையில் மழை பெய்தால் கோவிலை ஒட்டிய ஆற்றில் தண்ணீர் இறங்கும். அது ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து ஊர்க்குழாய்க்கு வரும். இந்த வழி ராஜபாளையத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரியும். மலையில் மழை இல்லையா? தேக்கத்தில் இருப்பு இல்லையா? மெயின் குழாய் உடைந்துவிட்டதா? நம் தெரு வால்வை மட்டும் திறக்கவில்லையா? கேள்வி இப்படிப் படிப்படியாக இறங்கி வரும். கடைசிப் படியில் யாரைப் பார்த்துப் பேச வேண்டுமோ அவரைப் போய்ப் பார்த்துவிடுவார்கள்.

இதே ஊருக்கு இணையமும் வருகிறது. அது நின்றுபோனால் "நெட் இல்ல" என்கிற இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எங்கே இல்லை, எதுவரை இருக்கிறது, யாருடைய கையில் நின்றிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ரேஷன் கடையில் விரல்ரேகைக் கருவியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்கும் பாட்டிக்கும், சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி அனுப்புகிறவருக்கும், 2018 முதல் இணையவழியிலேயே நடக்கும் பொறியியல் கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்வுசெய்யும் பெண்ணுக்கும் அந்த இரண்டு சொல்தான் பதில். சோறும் படிப்பும் இந்தக் கம்பியில் வந்து நிற்கிற காலத்தில் இது போதாது. தண்ணீரின் வழியைத் தெரிந்துவைத்திருப்பதுபோல இதன் வழியையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ளவும் முடியும். அதற்கான கருவிகள் ஒவ்வொரு கணினியிலும் விலையில்லாமல் ஏற்கெனவே இருக்கின்றன.

முதல் கருவி பிங். விண்டோஸ் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து 'பிங்' என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு முகவரியைக் கொடுத்தால் போதும். அந்த முகவரிக்கு ஒரு சின்ன பாக்கெட் போகும். "இருக்கிறாயா?" என்பதுதான் அதன் உள்ளடக்கம். "இருக்கிறேன்" என்று பதில் வரும். போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆனது என்று திரையில் ஒரு வரி விழும்.

இதை எழுதியவர் மைக் மூஸ். அமெரிக்க ராணுவத்தின் எறிபொருள் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1983 டிசம்பரில் அங்கே வலையில் ஏதோ புரியாத கோளாறு. அதைத் துருவிப் பார்க்க எழுதிய சின்ன நிரல் இது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலி வாங்குமே, அந்தச் சோனார் ஓசையின் பெயரையே இதற்கு வைத்தார். கேள்விக்கும் பதிலுக்குமான செய்தி வடிவத்தை அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1981 செப்டம்பரில், ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டிருந்தார். மூஸ் 2000 நவம்பரில் சாலை விபத்தில் இறந்துபோனார். அவர் எழுதிய மற்றதையெல்லாம்விட இந்தக் குட்டி நிரல்தான் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிங் தரும் எண்ணை வாசிக்க ஓர் அளவுகோல் வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. வெற்றிடத்தில் போவதில் மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் ஒரு மில்லி விநாடியில் 200 கிலோமீட்டர். போய் வர வேண்டும் என்பதால் பாதியாக்கினால் 100 கிலோமீட்டர். பதில் வர ஒரு மில்லி விநாடி ஆனால், எதிர்முனை 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கவே முடியாது. இருபது ஆனால் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் முடியாது. தாமதத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஒளியைவிட வேகமாகப் பதில் வருவதற்கு ஒரு காரணமும் இருக்க முடியாது. இணையத்தில் பெயர் பொய் சொல்லலாம், முகவரி பொய் சொல்லலாம், நிறுவனத்தின் விளம்பரம் சொல்லவே வேண்டாம். கிட்டத்தில் இருப்பதாக நேரம் சொன்னால் அது மட்டும் பொய்யாகாது.

கூகுள் 2009இல் ஒரு பெயர்த்தேடல் சேவையைத் திறந்தது. முகவரி 8.8.8.8. நினைவில் வைக்க எளிது என்பதால் உலகமே அதைத்தான் பிங் செய்து பார்க்கிறது. அமெரிக்க நிறுவனம், அமெரிக்க முகவரி. கலிபோர்னியா நம்மிடமிருந்து 14,000 கிலோமீட்டர். அங்கே போய் வர, இழை நேர்கோட்டில் கிடந்தாலும், 140 மில்லி விநாடிக்குக் குறையாது. ஆனால் ராஜபாளையத்து ஃபைபர் இணைப்பிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் அதில் சிறு பங்கிலேயே பதில் வந்துவிடுகிறது. எனவே பதில் சொன்ன இயந்திரம் கலிபோர்னியாவில் இல்லை. இந்தியாவுக்குள்ளேயே எங்கேயோ இருக்கிறது. ஒரே முகவரியைப் பல ஊர்களில் இயந்திரங்களுக்குக் கொடுத்து, கேட்கிறவருக்குக் கிட்டத்தில் இருப்பது பதில் சொல்லும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். யாரும் நமக்கு இதைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடக் கணக்கே போதுமானதாக இருந்தது.

பிங் தரும் வரியில் இன்னொரு எண்ணும் இருக்கும், 'டி.டி.எல். 57' என்பதுபோல. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த எண் அதுதான். பாக்கெட்டை வாங்கி அடுத்த இடத்துக்குக் கைமாற்றுகிற பெட்டிக்கு ரவுட்டர் என்று பெயர். ஒவ்வொரு பாக்கெட்டும் புறப்படும்போது இத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்று ஓர் எண்ணைச் சுமந்துகொண்டு புறப்படுகிறது. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். வழிதவறிய பாக்கெட் எந்நாளும் சுற்றிக்கொண்டே இருந்து வலையை அடைத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. தொடக்க எண் வழக்கமாக 64, 128, 255 என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். 57 என்று வந்தால் 64இலிருந்து கிளம்பி ஏழு ரவுட்டர் தாண்டி வந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இந்தக் கழித்தலைக் கொண்டே வழியைக் கண்டுபிடிக்கலாமே என்று ஸ்டீவ் டீரிங் ஒரு யோசனை சொன்னார். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் 1980களின் கடைசியில் அதை டிரேஸ்ரூட் என்ற நிரலாக எழுதினார். விண்டோஸில் அதன் பெயர் டிரேசர்ட். முதலில் அந்த எண்ணை ஒன்று என வைத்து ஒரு பாக்கெட்டை அனுப்புகிறது. முதல் ரவுட்டரிலேயே அது பூஜ்யமாகிவிடும். அந்த ரவுட்டர் பாக்கெட்டைப் போட்டுவிட்டு, "உன் பாக்கெட் என்னிடத்தில் காலாவதியாகிவிட்டது" என்று தகவல் அனுப்பும். தகவலில் தன் முகவரியும் இருக்கும். அடுத்து இரண்டு என வைத்தால் இரண்டாவது ரவுட்டர் தன்னைக் காட்டிக்கொள்ளும். பிறகு மூன்று, நான்கு. ஒவ்வொரு படிக்கும் மூன்று பாக்கெட். போய்ச் சேராதவற்றின் கணக்கைக் கொண்டு போய்ச்சேரும் வழியைத் தெரிந்துகொள்கிற இந்த முறையில் ஒரு பெரிய சிந்தனை இருக்கிறது.  விபத்துத் தடுப்புக்காக வைத்திருந்த ஒன்றை இரண்டு பேர் கண்ணாக மாற்றிக்கொண்டார்கள்.

இனி நம் ஊர் வழி. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சாலையில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கோபுரம் இருக்கிற ஊர். பால்கோவா வாங்கச் சட்டென்று போய் வந்துவிடலாம். அங்கே கடை வைத்திருக்கிற நண்பர் ஒருவர் தன் இணைப்புக்கு நிலையான முகவரி வாங்கி வைத்திருக்கிறார். அவருடையது ஒரு நிறுவனம், என்னுடையது வேறொன்று. என் மேசையிலிருந்து அவர் கடைக்கு டிரேசர்ட் போட்டால் வரிகள் மெதுவாக விழும். முதல் வரி 192.168 என்று தொடங்கும். அது என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற பெட்டி. இரண்டாவது வரி 100.64 என்று தொடங்கும். முகவரிப் பற்றாக்குறையால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்க நிறுவனங்கள் பயன்படுத்தும் உள்முகவரி அது. மூன்றாவது வரியில் வெறும் நட்சத்திரக் குறிகள் மூன்று. நான்காவதில் ஒரு ரவுட்டர் தன் பெயரைச் சொல்கிறது; பெயருக்கு நடுவே எம்.ஏ.ஏ. என்று மூன்று எழுத்து. விமானநிலையங்களின் பட்டியலில் சென்னைக்கு இன்றைக்கும் அந்த எழுத்துகள்தான். ரவுட்டர்களுக்குப் பெயர் வைக்கிற பொறியாளர்கள் விமானநிலையக் குறியீட்டைப் போட்டுவைப்பது உலகெங்கும் வழக்கம். அதற்கு அடுத்த வரிகளில் நண்பருடைய நிறுவனம் வருகிறது, பிறகு அவர் கடை. நேரம் இருபது மில்லி விநாடியை ஒட்டி நிற்கிறது.

12 கிலோமீட்டருக்கு ஒளி போய் வர ஒரு மில்லி விநாடியில் எட்டில் ஒரு பங்கு போதும். ஆனால் பாக்கெட் சென்னைக்குப் போய் அங்கிருந்து தெற்கே திரும்பியிருக்கிறது. நேர்கோட்டிலேயே ராஜபாளையத்திலிருந்து சென்னை 500 கிலோமீட்டர். போக 500, வர 500, ஒருவழிக்கே ஆயிரம். போய்த் திரும்ப அதற்குப் பத்து மில்லி விநாடி. மீதியை இழையின் வளைவுகளும் நடுவிலுள்ள பெட்டிகளும் எடுத்துக்கொள்கின்றன. கணக்கு ஒத்துவருகிறது.

ஏன் இப்படி? இரண்டு நிறுவனங்களின் வலைகள் எங்கே கைகோக்கின்றனவோ அங்கேதான் பாக்கெட் கைமாற முடியும். தெற்கே அந்த இடம் பெரும்பாலும் சென்னை, சில சமயம் மும்பை. முன்பு இதைவிட மோசம். இந்திய நிறுவனங்கள் உள்நாட்டில் தங்களுக்குள் போக்குவரத்தைக் கைமாற்றிக்கொள்ள நிக்ஸி என்ற தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு 2003இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிய மின்னஞ்சல்கூட வெளிநாடு போய்த் திரும்பி வருவது சாதாரணம். அன்றைக்கு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் கடல் தாண்டிப் போய் வருவதற்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

பக்கத்தில் இருப்பதால் மட்டும் எதுவும் வேகமாகிவிடாது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் அதை ஒட்டிய பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவு ஓட்டம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. இரண்டுக்கும் இடையே 400 கஜம் தூரம். எல்லாக் கணினிகளும் தொலைந்த பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பி வழியை அடைத்துக்கொண்டன. இதை ஆராய்ந்து, நெரிசல் தெரிந்தால் ஒவ்வொரு கணினியும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை வகுத்தவர் அதே வான் ஜேக்கப்சன். டிரேஸ்ரூட் எழுதிய கை அது. வழியைப் பார்க்கத் தெரிந்தவர்தான் அடைப்பையும் எடுத்தார்.

இந்த ரவுட்டர்கள் ஒவ்வொன்றுக்கும் முழு வழியும் தெரிந்திருக்கும் என்று நினைப்போம். தெரியாது. எங்கள் மாவட்டத்துக் கண்மாய்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாயும்; அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும்; அது நிறைந்தால் அதற்கடுத்தது. கடல் எந்தப் பக்கம் என்று எந்தக் கண்மாய்க்கும் தெரிய வேண்டியதில்லை. ரவுட்டரும் வந்த பாக்கெட்டின் முகவரியைப் பார்த்து அடுத்த கை எது என்று மட்டும் முடிவுசெய்கிறது. ஒரே ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது பெரிய வித்தியாசம். தண்ணீரின் வழியைப் பள்ளம் முடிவுசெய்கிறது. பாக்கெட்டின் வழியை ஒப்பந்தம் முடிவுசெய்கிறது. ஒவ்வொரு நிறுவன வலைக்கும் உலக அளவில் ஓர் எண் உண்டு. பிஎஸ்என்எல் 9829, ஜியோ 55836. இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம் என்று வலைகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. யார் யாருக்குச் சொல்வது, யார் சொன்னதை ஏற்பது என்பதில் காசும் வணிகமும் இருக்கின்றன.

தூத்துக்குடியிலிருந்து கொழும்பை ஒட்டிய மவுண்ட் லவினியாவுக்கு 2006இல் ஒரு கடலடிக் கேபிள் போடப்பட்டது. தூத்துக்குடி எங்களுக்கு எட்டிவிடும் தூரம். ஆனால் ராஜபாளையத்திலிருந்து கொழும்புக்குப் போகிற பாக்கெட் அந்தக் கேபிளில்தான் போகும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிங் போட்டுப் பார்க்கலாம். பத்து, இருபதுக்குள் பதில் வந்தால் கிட்டத்து வழி. எழுபதைத் தாண்டி அங்கேயே நின்றால் எங்கேயோ சுற்றுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் என்பதை வைத்து எந்தப் பக்கம் என்று யோசிக்கலாம். யாழ்ப்பாணத்தில் சொந்தம் இருக்கிறவர்கள் ஒரு முறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

டிரேசர்ட் தரும் பட்டியலைத் தப்பாக வாசிக்கிறவர்களும் நிறைய. நடுவில் ஒரு வரியில் மட்டும் நேரம் எகிறியிருந்தால் அங்கேதான் கோளாறு என்று கை காட்டிவிடுவார்கள். அடுத்தடுத்த வரிகளில் நேரம் பழையபடி இறங்கியிருந்தால் அங்கே ஒன்றுமில்லை. அந்த ரவுட்டர் பாக்கெட்டுகளை அனுப்பும் தன் வேலையை முதலில் பார்த்துவிட்டு, நமக்குத் தகவல் எழுதுவதை நிதானமாகச் செய்திருக்கிறது. மூன்று நட்சத்திரங்களும் அப்படித்தான். சில ரவுட்டர்கள் தகவலே சொல்வதில்லை என்று அமைக்கப்பட்டிருக்கும். பாக்கெட் அதைத் தாண்டி ஒழுங்காகப் போயிருக்கும். எகிறிய நேரம் கடைசி வரி வரைக்கும் நீடித்தால், அல்லது ஒரு வரிக்குப் பிறகு எல்லாமே நட்சத்திரமாகிக் கடைசி முகவரியும் வராமல் போனால், அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

எங்கள் தெருவுக்குக் கேபிள் பார்க்கிற தம்பி இதையெல்லாம் புத்தகத்தில் படித்தவர் இல்லை. ஒருநாள் இணையம் பாதி வேலை செய்தது. சில தளங்கள் திறந்தன, பல திறக்கவில்லை. போன் செய்தேன்.

"லாஸ் லைட்டு சிவப்பா எரியுதாண்ணே?"

"இல்ல தம்பி. எல்லாம் பச்சையாத்தான் இருக்கு."

"அப்ப நம்ம லைன் சுத்தமா இருக்கு. ஒரு நிமிசம் இருங்க, டிரேஸ் போட்டுப் பாக்குறேன்." விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "நெட்டு மெட்ராஸ் வரைக்கும் போகுதுண்ணே. அதுக்கு அந்தப் பக்கம் தாண்ட மாட்டேங்குது. மேல சொல்லிருக்கேன்."

நான் விரும்புகிற பேச்சு இது. எதுவரை இருக்கிறது, எங்கே நிற்கிறது, யாரிடம் சொல்லியாகிவிட்டது. நான்குவழிச் சாலைப் பணியில் ஜேசிபி இழையை அறுத்த நாட்களில் அவரே "நம்ம ஊரத் தாண்டவே இல்லண்ணே, வெட்டிட்டாங்க" என்பார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு காத்திருப்பதும் வேறு மாதிரி இருக்கிறது.

இன்னொரு நாள் அய்யனார் கோவிலுக்குப் போகும் வழியில் போனிலிருந்து சென்னைக்குப் பிங்கை ஓடவிட்டுக்கொண்டே போனேன். இதற்கு இலவசச் செயலிகள் இருக்கின்றன. பேருந்து நிலையத்தருகே எண்கள் நாற்பதை ஒட்டி நின்றன. ஊர் முடிந்து மாந்தோப்புகள் தொடங்கியதும் ஒன்று ஐம்பது, அடுத்தது இருநூறு, அதற்கடுத்தது அறுபது என்று குதித்தன. மலை நெருங்க நெருங்க ஆயிரத்தைத் தாண்டியது. இடையிடையே பதிலே இல்லை. சென்னைக்கு இருக்கிற தூரம் இந்தச் சில கிலோமீட்டரில் மாறிவிடவில்லை. எனவே கூடிய நேரம் முழுக்க முதல் படியில்தான், என் கையிலுள்ள போனுக்கும் பின்னால் தங்கிவிட்ட டவருக்கும் நடுவே. காற்றில் தொலைந்த சமிக்ஞையை இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கின்றன. ஒவ்வொரு முயற்சியும் மில்லி விநாடிகளாக ஏறுகிறது. எண் ஒரே அளவில் கூடினால் தூரம், தாறுமாறாகக் குதித்தால் முதல் படி அல்லது நெரிசல் என்று அங்கே நடந்துகொண்டே விளங்கிக்கொள்ளலாம். கோவிலுக்குப் பின்னால் 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் காடு. சாம்பல் நிற அணில்களின் இடம். அதற்குள் டவர் வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். அடிவாரத்தில் குடியிருக்கிற மக்களுக்குச் சரியான முதல் படி வேண்டும் என்று கேட்பேன்.

டிரேஸ்ரூட்டுக்கு ஒரு பெரிய குறை உண்டு. போகிற வழியைத்தான் அது காட்டும். பதில் எந்த வழியாகத் திரும்பியது என்று சொல்லாது. திரும்பும் வழியை எதிர்முனையின் வலை தன் ஒப்பந்தங்களின்படி தேர்ந்தெடுக்கிறது. அது நாம் போன வழியாக இருக்க வேண்டும் என்பதில்லை. டி.டி.எல். எண்ணை வைத்து எத்தனை படி என்று எண்ணலாம், எந்தப் படி என்று தெரியாது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். சிங்கப்பூரில் இருக்கிற என் அக்காள் மகனிடம் எங்கள் வீடு எந்தப் பொது முகவரிக்குப் பின்னால் இருக்கிறதோ அதைக் கொடுத்து அங்கிருந்து ஓடவிடச் சொன்னேன். இங்கிருந்து அவன் முகவரிக்கு நான் ஓடவிட்டேன். இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். என்னுடையது சென்னையில் கடலுக்குள் இறங்கியிருந்தது. அவனுடையதில் மும்பையின் மூன்று எழுத்து இருந்தது. அங்கே கரையேறி நாட்டைக் குறுக்காகக் கடந்து வந்திருக்கிறது. "மாமா, நாம வீடியோ கால் பேசுறப்போ நீங்க பேசுறது ஒரு கடல் வழியா வருது, நான் பேசுறது இன்னொரு கடல் வழியா வருது" என்றான். அடுத்த வாரம் அவன் வேறு நிறுவனத்தின் இணைப்பிலிருந்து ஓடவிட்டு அனுப்பியதில் மும்பை இல்லை, நேரே சென்னை. நேரமும் பாதியாகக் குறைந்திருந்தது. இப்போது அந்த இணைப்பையே வைத்துக்கொண்டான்.